எல்லைப்புறப் பதிவேடுகளும் எழுத்துக் கணக்கும்

இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியொன்றில், ஒரு தாய் தன் மகளைப் பள்ளியில் சேர்க்க வருகிறாள் எனக் கொள்க. குழந்தையின் பெயர் முத்துலட்சுமி. ஆசிரியர் அப்பெயரைச் செவ்வையாகக் கேட்டுத் தமிழிலேயே கணிப்பொறியில் பதிவு செய்கிறார். திரையில் பெயர் முழுமையாகத் தோன்றுகிறது. ஆயினும், பின்னர் அச்சாகி வரும் பட்டியலில் 'முத்து' என்று மட்டுமே காணப்படுகிறது. பெண்ணின் பெயர் ஆணின் பெயராகிவிட்டது. தாயும் தவறு செய்யவில்லை. ஆசிரியரும் தவறு செய்யவில்லை. ஆனால் சான்றிதழைத் திருத்துவதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியவள் அந்தத் தாயே ஆவாள்.

இத்தகைய பிழைகளைக் 'கணிப்பொறிக் கோளாறு' என்று கூறிவிட்டு ஒதுங்குவது வழக்கமாக இருந்து வருகிறது. அது சரியன்று. இயந்திரம் தனக்கு இடப்பட்ட கட்டளையையே நிறைவேற்றுகிறது. கட்டளையை எழுதியவர் எழுத்தையும் பைட்டையும் ஒன்றெனக் கருதியதும், அதைச் சோதியாமல் அலுவலகம் ஏற்றுக்கொண்டதுமே கோளாறு. அக்கோளாறு எவ்வாறு தோன்றுகிறது, அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

எல்லைப் பிரதேசத்தின் தேவை

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்தும், சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்தும் அதனுடன் சேர்ந்தன. இடுக்கி மாவட்டம் 1972-இல் தோன்றியது. ஆட்சியின் எல்லைகள் மாறின. மக்கள் பேசும் மொழியும் வைக்கும் பெயரும் மாறவில்லை.

இம்மக்களின் மொழியுரிமைக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு பணிக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்தது. ஆனால் சட்டம் அளித்த உரிமையை ஒரு நிரலில் உள்ள சிறு கவனக்குறைவு பறித்துவிடக் கூடும். தமிழில் மனு எழுதலாம் என்று விதி இருந்தும், மனுதாரரின் பெயர் கேள்விக்குறிகளாக அச்சாகுமாயின், அவ்விதியால் அவருக்கு என்ன பயன்?

எழுத்து வேறு, பைட்டு வேறு

கணிப்பொறியின் நினைவகம் பைட்டு எனப்படும் சிறு அறைகளால் ஆனது. ஓர் அறையில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள் ஆகிய யாவும் 128 எண்களுக்குள் அடங்கிவிடுவதால், அம்மொழியில் ஓர் எழுத்துக்கு ஓர் அறை போதும். 1972-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியபோது, 'எழுத்து' என்பதும் 'பைட்டு' என்பதும் ஒன்றாகவே கருதப்பட்டன. அவ்வழக்கம் இன்னும் பலருடைய கையில் நிலைத்திருக்கிறது.

இந்திய மொழிகளுக்கென 1991-இல் வெளியான இந்தியத் தர நிர்ணயமாகிய இஸ்கி முறை, ஓர் அரிய உபாயத்தைக் கையாண்டது. தமிழ்க் ககரத்துக்கும் மலையாளக் ககரத்துக்கும் அது ஒரே எண்ணையே கொடுத்தது. எந்த லிபியில் காட்ட வேண்டும் என்பதை ஒரு தனிக் குறிப்பு தெரிவித்தது. அக்குறிப்பு தவறிவிட்டால், தமிழில் எழுதிய பெயர் மலையாள லிபியில் தோன்றும். எல்லைப்புறத்துக்கு இது பெருங் குறையாகும்.

பின்னர் உலக வழக்கான யூனிகோடு என்னும் ஒருங்குறி, ஒவ்வொரு லிபிக்கும் தனித்தனி எண் வரிசையை ஒதுக்கியது. தமிழ்க் ககரத்தின் எண் 2965. மலையாளக் ககரத்தின் எண் 3349. இவ்வெண்களைக் கோப்பில் எழுதுவதற்கு இன்று பெரிதும் வழங்குவது, 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்.–8 என்னும் முறை. இம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. தமிழ், மலையாளக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. தமிழ்க் ககரம் 224, 174, 149 எனவும், மலையாளக் ககரம் 224, 180, 149 எனவும் அமையும். முதற் பைட்டும் கடைப் பைட்டும் ஒன்றே. நடுப் பைட்டு மட்டுமே வேறு. ஒரு பைட்டு சிதைந்தாலும் எழுத்து சிதைந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

இங்கே மற்றொரு நுட்பத்தையும் கவனித்தல் வேண்டும். உயிரெழுத்தும், ஆய்தமும், அகர உயிர்மெய்யும் ஒருங்குறியில் ஒரே குறியாக உள்ளன. மெய்யெழுத்தும் ஏனைய உயிர்மெய்களும் இரண்டு குறிகளால் ஆனவை. 'மு' என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்தது. 'த்' என்பது தகரமும் புள்ளியும் சேர்ந்தது. ஆகவே முன்னவை மூன்று பைட்டும் பின்னவை ஆறு பைட்டும் கொள்ளும். முத்துலட்சுமி என்னும் பெயரில் ஏழு எழுத்துகள் உள்ளன. அவற்றுள் லகரம் ஒன்றே அகர உயிர்மெய். மற்ற ஆறும் இரு குறி எழுத்துகள். எனவே குறிகள் 13, பைட்டுகள் 39. கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர்ப்பெயரிலும் எழுத்து ஏழுதான். ஆனால் பைட்டுகள் 42. எழுத்தின் எண்ணிக்கையைக் கொண்டு பைட்டின் எண்ணிக்கையை ஊகிக்கலாகாது.

மாற்றம் நிகழும் இடம்

பெயர் கணிப்பொறிக்குள் இருக்கும்போது ஒரு வடிவத்திலும், கோப்புக்கோ அச்சுக்கோ செல்லும்போது வேறொரு வடிவத்திலும் இருக்கலாம். சி மொழியில் முன்னதை அகல எழுத்துச் சரம் என்றும், பின்னதைப் பல்பைட்டுச் சரம் என்றும் கூறலாம். அகல எழுத்துச் சரத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவான இடம் உண்டு. எண்ணுவதும் தேடுவதும் எளிது. பல்பைட்டுச் சரத்தில் ஒவ்வொரு குறியும் தன் தேவைக்கேற்ற பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். வீட்டில் பண்டங்களை ஒரே அளவுள்ள டப்பாக்களில் அடுக்கி வைப்பதும், பயணத்தின்போது அளவுக்கேற்ற பொட்டலங்களாகக் கட்டுவதும் போன்றது இது.

டப்பாவின் அளவும் எங்கும் ஒன்றன்று. லினக்ஸ் கணிப்பொறியில் அகல எழுத்தின் இடம் நான்கு பைட்டு. விண்டோஸ் கணிப்பொறியில் இரண்டு பைட்டு. முத்துலட்சுமி என்னும் பெயர் முன்னதில் 52 பைட்டையும் பின்னதில் 26 பைட்டையும் கொள்ளும். கோப்பில் இரண்டுமே 39 ஆகிவிடும். பழைய தமிழ்க் கணக்குகளில் வழங்கிய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. அவற்றின் எண்கள் மிகப் பெரியவை. விண்டோஸின் இரண்டு பைட்டு இடத்தில் அவை அடங்கா. இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளும். கோப்பில் நான்கு பைட்டு ஆகும். பழைய நிலக் கணக்குகளைப் பதிவு செய்வோர் இதனை மறத்தலாகாது.

அகல எழுத்துச் சரத்தைப் பல்பைட்டுச் சரமாக மாற்றுவதற்கு, 'டபிள்யூசிஎஸ்–டு–எம்பிஎஸ்' என்னும் செயற்கூறு 1989-ஆம் ஆண்டின் சி தர நிர்ணயத்திலேயே இடம்பெற்றுள்ளது. 1995-இல் வெளியான திருத்தம், 'டபிள்யூசிஎஸ்ஆர்–டு–எம்பிஎஸ்' என்னும் திருந்திய செயற்கூறைச் சேர்த்தது. கருவிகள் புதியன அல்ல. அவற்றைப் பயன்படுத்தும் முறையிலேயே தவறு நேர்கிறது.

மூன்று தவறுகள்

முதலாவது, வட்டார அமைப்பைக் கூறாமை. சி நிரல் ஒவ்வொன்றும் தொடங்கும்போது 'சி' என்னும் அடிப்படை அமைப்பிலேயே தொடங்கும். தமிழோ மலையாளமோ அந்த அமைப்புக்குத் தெரியாது. 'செட்லொக்கேல்' என்னும் செயற்கூறின் வாயிலாக உரிய வட்டார அமைப்பை முதலில் அறிவித்த பின்னரே மாற்றத்தைக் கோர வேண்டும். இதைச் செய்யாத நிரல், எழுதியவரின் மேசையில் ஆங்கிலப் பெயர்களுடன் குற்றமின்றி இயங்கும். தேவிகுளத்தில் முதல் தமிழ்ப் பெயரைக் கண்டதும் தோற்கும்.

இரண்டாவது, செயற்கூறின் விடையைப் பாராமை. மாற்ற இயலாத குறியைக் கண்டால், அச்செயற்கூறு 'கழித்தல் ஒன்று' என்னும் விடையைத் திருப்பித் தருகிறது. ஆனால் அவ்விடை கழித்தற்குறி இல்லாத எண் வகையைச் சேர்ந்ததாகையால், 64 பிட்டுக் கணிப்பொறியில் அது 18,446,744,073,709,551,615 என்னும் மாபெரும் எண்ணாகத் தோன்றும். அதைப் பெயரின் நீளமென நம்பி மேற்செல்லும் நிரல் நிலைகுலையும். அல்லது வெற்றுப் பெயரைப் பதியும். செயற்கூறு தன் தோல்வியை ஒளிக்கவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மூன்றாவது, இடத்தின் அளவைத் தவறாகக் கணக்கிடுதல். பெயருக்கு 20 பைட்டு ஒதுக்கப்பட்டுள்ளது என்க. ஆங்கிலத்தில் அது போதுமானதாகத் தோன்றலாம். முத்துலட்சுமியின் முதல் ஆறு குறிகள் 18 பைட்டை நிரப்புகின்றன. அடுத்த லகரத்துக்கு மூன்று பைட்டு வேண்டும், எஞ்சியுள்ளவை இரண்டே. செயற்கூறு லகரத்தைப் பாதியாக வெட்டாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. 18 என்று விடை கூறுகிறது. ஆனால் சரத்தின் முடிவைக் காட்டும் சுழியத்தை அது இடுவதில்லை. இடம் முன்பே சுழியங்களால் நிரப்பப்பட்டிருந்தால் 'முத்து' என்னும் பெயர் எஞ்சும். இல்லையேல், அங்கே முன்பு கிடந்தவை அப்பெயரின் பின்னே ஒட்டிக்கொள்ளும். விடை 20-ஆக இருந்தால் மட்டுமே இடம் நிறைந்துவிட்டது எனச் சோதிக்கும் நிரல்கள் உள்ளன. அவை 18 என்னும் விடையைக் கண்டு, யாவும் நலமெனக் கருதி ஏமாறும்.

திருந்திய செயற்கூறில் இம்மூன்றாவது தவறுக்குத் தக்க மாற்று உண்டு. இலக்கிடம் எதையும் தராமல் முதலில் ஒரு முறை வினவினால், தேவையான பைட்டுகள் 39 என்று அது கூறும். முடிவுச் சுழியத்துக்கு ஒன்றைக் கூட்டி, 40 பைட்டு இடத்தை ஒதுக்கிக்கொண்டு, இரண்டாம் முறை மாற்றத்தைக் கோரலாம். முழுச் சரமும் மாற்றப்பட்டதா, இடையில் நின்றுவிட்டதா என்பதையும் அது சுட்டிக்காட்டும். இரண்டொரு வரிகளை மிகுதியாக எழுதுவதால் ஒரு குழந்தையின் பெயர் காக்கப்படுகிறது.

இருவகை எழுத்துக்கூட்டு

மாற்றம் சரியாக நடந்த பின்னரும் ஓர் இடர் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்து, எண்களில் இருவகையாக இருக்கலாம். 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாகவும், ககரம், எகரக் குறி, கால் என மூன்று குறிகளாகவும் பதியலாம். கொழிஞ்சாம்பாறை அதனால் 42 பைட்டாகவும் இருக்கலாம். 45 பைட்டாகவும் இருக்கலாம். மலையாளத்தின் சில்லெழுத்துகள் முன்னர் மூன்று குறிகளின் சேர்க்கையால் எழுதப்பட்டன. 2008-இல் அவற்றுக்குத் தனி எண்கள் கிடைத்தன. தமிழில் 'ஸ்ரீ' என்பதும் இருவகையாக எழுதத்தக்கதே. ஒரே ஊரின் பெயர் இரண்டு அலுவலகங்களில் இருவகையாகப் பதிவானால், இயந்திரம் அவற்றை இரண்டு ஊர்களாகவே எண்ணும். மாற்றத்துக்கு முன்பு ஒருமுகப்படுத்துதல் இதனாலேயே இன்றியமையாதது.

எதிர்வாதங்கள்

இத்தனை தொல்லை ஏன், பெயர்களை ஆங்கில எழுத்திலேயே பதிந்துவிடலாமே என்று சிலர் கூறுவர். இது தொல்லையை நீக்கும் வழியன்று. அதனை இயந்திரத்திடமிருந்து எடுத்து மக்களின் தலையில் வைக்கும் வழியாகும். வள்ளி வேறு, வல்லி வேறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. இவ்விரு மொழியும் போற்றி வைத்துள்ள வேறுபாடுகளை மூன்றாவது லிபியொன்றில் இழப்பது எல்லைப்புற மக்களுக்கு நன்மை தராது. ஆங்கிலப் பெயரும் உடனிருக்கட்டும். ஆனால் அது தாய்மொழிப் பெயரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

இடம் வீணாகும் என்பது மற்றொரு வாதம். ஒரு பெயருக்கு 300 பைட்டு ஒதுக்கினாலும், ஒரு லட்சம் பெயர்களுக்கு மூன்று கோடி பைட்டே ஆகும். இன்றைய சாதாரணக் கைப்பேசியிலும் அது மிகச் சிறு பகுதி. நினைவகம் அரிதாக இருந்த காலத்தின் சிக்கனம் இக்காலத்துக்குப் பொருந்தாது.

புதிய கணிமொழிகள் வந்துவிட்டன, சி மொழியைப் பற்றிய கவலை வேண்டா என்பாரும் உளர். புதிய மொழிகள் இவ்வேலையைப் பெரிதும் தாமே செய்துகொள்கின்றன என்பது உண்மை. ஆயினும் லினக்ஸின் கருவும், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளங்களும் சி மொழியில் எழுதப்பட்டவையே. மேலும், எழுத்துக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த மொழியாலும் மறைந்துவிடாது. கைப்பேசியின் குறுஞ்செய்தியே இதற்குச் சான்று. 140 பைட்டுக் கொண்ட ஒரு செய்தியில் ஆங்கிலமாயின் 160 எழுத்து அடங்குகிறது. தமிழாயின் 70 குறிகளே அடங்குகின்றன. களப்பணியாளர் பலர் இதனை அனுபவத்தில் அறிவர்.

செய்யத்தக்கவை

நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியவை மேலே கூறப்பட்டன: வட்டார அமைப்பை அறிவித்தல், ஒருமுகப்படுத்துதல், அளவை முன்னரே வினவுதல், விடையைச் சோதித்தல். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. பெயர் அடங்கவில்லையாயின் நிரல் அதனை வெட்டிப் பதியாமல், 'இப்பெயரைப் பதிய இயலவில்லை' என்று பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும். மறுக்கப்பட்ட பெயரை அன்றே திருத்தலாம். வெட்டுண்டு பதிந்த பெயரோ பல ஆண்டுகள் கழித்து, ஒரு வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் வெளிப்படும்.

களப்பணியாளர், புதிய பதிவு முறை தம் அலுவலகத்துக்கு வந்தவுடன் எளிய சோதனையொன்றைச் செய்யலாம். முத்துலட்சுமி, கொழிஞ்சாம்பாறை ஆகிய இரண்டையும், சில்லெழுத்தில் முடியும் மலையாளப் பெயரொன்றையும் பதிந்து, சேமித்து, மீண்டும் எடுத்து, அச்சிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றையும் தேடிப் பார்த்தலும் வேண்டும். ஓர் எழுத்து குறைந்தாலும், ஒரு கேள்விக்குறி தோன்றினாலும், அம்முறையை ஏற்காமல் எழுத்து மூலம் திருப்பி அனுப்புவது அவர்தம் கடமை. இச்சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். நிரல் அறிவு தேவையில்லை.

ஆசிரியர் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகவே ஆக்கலாம். மாணவர் தம் பெயரை எழுதி, உயிர், ஆய்தம், அகர உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் மூன்று, மற்றவற்றுக்கு ஆறு எனக் கூட்டி, இறுதியில் முடிவுச் சுழியத்துக்கு ஒன்றைச் சேர்க்கட்டும். தம் பெயர் எத்தனை அறைகளில் தங்குகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வர். இலக்கணப் பாடத்தில் கற்ற உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் கணிப்பொறிக்குள்ளும் பயன்படுகின்றன என்பதையும் உணர்வர். நாளை அவர்களுள் ஒருவர் எழுதும் நிரலில், வேறொரு தாயின் மகள் பெயர் குறையாமல் நிற்கும்.

பதிவேடு மக்களுக்காக ஏற்பட்டது. பெயருக்கு ஏற்றபடி இடத்தை அமைக்க வேண்டுமேயன்றி, இடத்துக்கு ஏற்றபடி பெயரைக் குறைத்தல் முறையன்று. இரு மொழிகள் கலந்து வாழும் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பிழையின்றி இயங்கும் பதிவு முறை, நாட்டின் வேறெந்தப் பகுதிக்கும் நம்பத்தக்கதாக இருக்கும். ஆகவே புதிய முறைகளின் சோதனை தலைநகரங்களில் முடிந்துவிடாமல், எல்லைப்புறப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நடைபெறுதல் வேண்டும்.